அத்தை ஏறிய ஜட்காக் குதிரை

எங்கள் அத்தைக்குக் குதிரை ஏறத் தெரியும் என்பதே எனக்கு எட்டு வயதாகும்வரை தெரியாது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருஷமே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, நர்ஸ் வேலைக்குப் படித்து, பெங்களூர் கண்டோன்மெண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். ஆஸ்டின் டவுனில் எங்களோடுதான் இருந்தாள். அப்பா பட்டாளத்துச் சப்ளை டிப்போவில் கிளார்க். வீட்டில் இரண்டே அறைகள். அதில் அப்பா, அம்மா, நான், என் தம்பிகள், ஜன்னலோரக் கட்டிலில் அத்தை.

இரண்டாவது உலகச் சண்டைக்குச் சில வருஷங்கள் முன்பு, சிக்மகளூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு நர்ஸ் வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் அத்தையிடம் சொன்னார். தனி வீடு தருவார்களாம். ஆனால் மழைக்காலத்தில் அந்த மலைப்பாதையில் வண்டி போகாது. கூலிகள் குடியிருக்கும் லைன்களுக்குக் குதிரையில்தான் போகவேண்டும். குதிரை ஏறத் தெரியுமா என்று டாக்டர் கேட்டதற்கு, தெரியும் என்று சொல்லிவிட்டு அத்தை வீட்டுக்கு வந்தாள்.

அது முழுப் பொய்யும் அல்ல. தாத்தா குதிரைப் பட்டாளத்தில் லாடம் அடித்தவர். சிறுமியாக இருந்தபோது அத்தை, லாடம் கட்டிய குதிரைகளின் மேல் சேணமில்லாமலே ஏறி ஏரிக்கு ஓட்டிப்போவாளாம். தாவணி போட்ட அன்றோடு அது நின்றுபோனது. அதற்குப் பிறகு அவள் ஜட்காவுக்குள் உட்கார்ந்து குதிரையின் வாலைப் பார்த்ததோடு சரி.

அப்பா குதித்தார்.

"முப்பது வயசுக்கு மேல குதிரையா? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன்" என்றாள் அம்மா. "அவளுக்கும் ஒரு வழி பொறக்கட்டுமே."

அப்பா அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அம்மா அவருடைய பழைய காக்கிக் கால்சட்டை ஒன்றைப் பிரித்து, சேலைக்குள் அத்தை போட்டுக்கொள்ளும்படி கையாலேயே தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துத் தெரு ஜட்கா சாயபு தம் குதிரையைத் தரச் சம்மதித்தார். பழைய சேணம் ஒன்றையும் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தார். தொம்மலூரைத் தாண்டி, தண்ணீர் வற்றிய ஏரிக்கரையில் பழக்கம் நடந்தது. பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று அப்பா சொன்னதால், இன்னொரு பெண்பிள்ளையாகிய என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் அத்தை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வழுக்கி இறங்கினாள். குதிரை திரும்பி அவளைப் பார்த்தது.

"டரோ நக்கோ அம்மா" என்றார் சாயபு. "நீங்க பயந்தா அதுக்கும் பயம் வரும்."

"பயமில்ல சாயபு. காலுக்குத்தான் மறந்துபோச்சு."

வீட்டுக்கு வந்தால் உட்காரமுடியாது, எழுந்திருக்கவும் முடியாது. அம்மா வெந்நீர் போட்டு, நீலகிரித் தைலம் தேய்த்துவிடுவாள். "என்னால ஆவாது அண்ணி, நாளைக்குப் போகல" என்று அத்தை முனகுவாள். "போகலேன்னா எப்படி? இவ்வளவு பட்டது வீணா? போ, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பாள் அம்மா. விடியுமுன்பே எழுந்து அவளுக்கு ராகிக் கஞ்சி காய்ச்சுவாள். அவள் பெற்ற எங்களுக்குக் கூட அந்தக் கவனிப்பு நடந்ததில்லை. நானும் என் பங்குக்கு, அத்தை சீக்கிரம் கற்றுக்கொள்ளவேண்டும் என்று மாதாவிடம் ஜெபமாலை சொன்னேன்.

மாதா கேட்டாள். சில வாரங்களில் அத்தை ஏரியைச் சுற்றி ஓட்டத்திலேயே போய்வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை கண்டுவிட்டுப் பழகப் போன இடத்தில், என்னையும் ஏற்றிக்கொள்ளும்படி அடம்பிடித்தேன். அத்தை என்னைத் தனக்கு முன்னால் உட்காரவைத்துக்கொண்டாள். அப்படியே வீடுவரை போய்விடலாம் என்று எனக்கு ஆசை. அவளுக்கும் இருந்திருக்கவேண்டும்.

ஆஸ்டின் டவுன் பக்கம் வந்ததும் குதிரைக்குத் தன் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. அத்தை வாரை எவ்வளவு இழுத்தும் கேளாமல் மாதா கோவில் தெருவுக்குள் திரும்பி, நேரே கள்ளுக்கடை வாசலில் போய் நின்றது. சாயபுவின் மாலைச் சவாரிகளில் பாதிப்பேர் இறங்கும் இடம் அது. எதிரே இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சாயபு எங்கேயோ பின்னால் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

கடைக்காரர் வெளியே வந்து, வாடிக்கைக்காரர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பதுபோலவே கன்னடத்தில் கேட்டார்: "ஏனு பேக்கம்மா?"

யாரோ சிரித்தார்கள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"குதுரெகெ ஸ்வல்ப நீரு கொடி" என்றாள்.

குதிரைக்குத் தண்ணீர்தானே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிற தோரணை. கடைக்காரர் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். குதிரை நிதானமாகக் குடித்தது. தெருவே நின்று அது குடிப்பதைப் பார்த்தது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு அப்பா வந்தார்.

"இறங்கு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன் அண்ணே. இப்ப இறங்கிட்டா மறுபடி ஏறவே மாட்டேன்."

அப்பா என்னைத் தூக்கிக் கீழே விட்டார். அவளையும் இழுத்து இறக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அவள் காலைப் பிடித்து, சேணத்து மிதியில் சரியாக வைத்தார்.

"குதிகாலைக் கீழே அமுக்கு. முட்டியால புடி. நம்ம அப்பா தொண்ட கிழியக் கத்துவாரே, மறந்துட்டியா?"

அத்தை குதிகாலை அமுக்கினாள். குதிரை தலையைத் தூக்கி ஒருமுறை செருமிவிட்டு நடந்தது. கூட்டம் வழிவிட்டது. தெருக்கோடி திரும்பும்வரை அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அதற்குப் பிறகு குதிரையைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

மழைக்கு முன் அத்தை எஸ்டேட்டுக்குக் கிளம்பினாள். அப்பாவும் நாங்களும் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா வேலை இருக்கிறதென்று வரவில்லை. ரயில் நகர்ந்தபோது நான் உற்சாகமாகக் கையாட்டினேன். பள்ளிக்கூட லீவுக்கு அவள் வந்துவிடுவாள் என்றே எண்ணியிருந்தேன்.

திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் ஒரு கைவண்டி காலியாக நின்றிருந்தது. அம்மாவுக்குச் சீராகக் கொடுத்த பீரோ, வைக்க இடமில்லாமல் கல்யாணமான நாளிலிருந்து ஈஜிபுராவில் மாமா வீட்டில் கிடந்தது. அது இப்போது எங்கள் வீட்டுக்குள் இருந்தது. ஜன்னலோரக் கட்டிலைச் சுவரில் சாத்திவிட்டு, அம்மா தனியாளாகப் பீரோவை அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா கை கொடுக்கப் போனதற்கு வேண்டாம் என்றாள். அளவெடுத்ததுபோல அது அங்கே பொருந்தியது. அம்மா முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அப்பா வெளியே போய்விட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பீரோ கால்ல பட்டுடுச்சாம்மா?"

"ஆமா" என்றாள்.

குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் ஒரு கீறல்கூட இல்லை.