பன்னிரண்டு மணிக்குள் ஒரு முடிவு

1998ஆம் ஆண்டு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் நான்கு பேர் சேர்ந்து, பள்ளிக்கூடங்களுக்காக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் தொகுப்பு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் மின்னஞ்சல் சர்வர் வத்சலா சீவரத்தினத்தின் பொறுப்பு. வார நாட்களில் அவர் பங்சாரில் ஒரு கம்பெனியில் கிளார்க்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு பிரதிகள் எடுப்பதற்கான மாஸ்டர் சிடி, செராஸில் சிடி அச்சடிக்கும் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். சர்வர் மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருப்பதை வத்சலா காலை எட்டு மணிக்குத்தான் பார்த்தார். பழையதில் வெளியாள் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை இருந்ததாம்.

"புதுசைப் போட்டுடுங்க அக்கா. ஓட்டையோட எப்படி அனுப்புறது?" என்றார் கூட வேலை செய்த நாகையா.

"யாரும் டெஸ்ட் பண்ணல லா. சிடி அடிச்சிட்டா திருத்த முடியாது."

வத்சலா புதியதை ஒரு கணினியில் ஏற்றி, சோதனைக்காக ஐந்நூறு மின்கடிதங்களை அனுப்பினார். நானூற்று எழுபத்தொன்றுதான் வந்து சேர்ந்தன. மணி ஒன்பதரை.

பழையதையே வைத்துக்கொண்டு, ஓட்டையை அடைக்கும் பதினொரு நிரல் வரிகளை மட்டும் புதியதிலிருந்து எடுத்துச் சேர்த்தார். அதை இயங்கும் மென்பொருளாக மாற்றப் பார்த்தபோது முதல் முறை கம்பைல் ஆகவில்லை. இரண்டாம் முறை ஆனது. ஐந்நூறு கடிதங்களும் வந்தன. அந்த ஓட்டை வழியாக நுழைய நாகையா மூன்று முறை முயன்றும் முடியவில்லை.

"இதையே சிடியில எழுதுங்க, நாகையா. பிரச்சினை வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

பன்னிரண்டு மணிக்குள் சிடி தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அதன் பிறகு ஃபோன் அடிக்கும்போதெல்லாம் வத்சலா திடுக்கிட்டார். இரண்டு வாரம் கழித்து, புதிய பதிப்பைச் செய்தவர்களே, அதில் கடிதங்கள் தொலைகின்றன என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அன்றுதான் வத்சலா நிம்மதியாகச் சாப்பிட்டார்.