ஜிம்மியின் தாகம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை பதினொன்றே கால் மணிக்கு எங்கள் நாய் ஜிம்மி தன் தண்ணீர்ச் சட்டியை இரண்டாம் முறையும் காலி செய்துவிட்டுக் குழாயடிச் சேற்றை நக்கத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நான், வெறி பிடித்த நாய் மண்ணையும் குப்பையையும் நக்கும் என்று பத்திரிகையில் படித்துப் பயந்திருந்தவன். முந்தின நாள்தான் அது என் மகள் கமலத்தின் முழங்கால் சிராய்ப்பை நக்கியிருந்தது. நாயை விறகுக் கொட்டகையில் பூட்டிவிட்டு, மிருக வைத்தியருக்கு ஆள் அனுப்பினேன்.

உள்ளே அது வாந்தியெடுத்தது, கதவைப் பிறாண்டியது.

"தண்ணி கேக்குதுப்பா, குடுங்கப்பா!" என்று கமலம் அழுதாள்.

"கிட்டப் போனா காலை ஒடிச்சிடுவேன்!" என்றேன். பிள்ளையிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வந்த வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். நாயைப் பரிசோதித்துவிட்டு, "காலமை என்ன சாப்பிட்டது?" என்று கேட்டார்.

"காலையில வெறும் சோறுதான்."

"இவருதான் கருவாடு ஊறின தண்ணிய அது சோத்துல ஊத்தினாரு. வாசனை வீணாப் போவுதாம்!" என்றாள் என் மனைவி.

ஜிம்மி இன்று நலம். கருவாட்டுத் தண்ணீர் இப்போது சாக்கடைக்குத்தான் போகிறது. நாய்க்குத் தாகம் கூடினால், அது என்ன தின்றது என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். அன்று, கமலத்தின் சிராய்ப்பை அது நக்கியதையும் நான் சொன்ன பிறகு, வைத்தியர் சொன்னார்:

"இது விசர், வெறி ஒண்டுமில்லை ஐயா, உப்பு ஏறின விடாய். தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வையுங்கோ. தண்ணியில்லாமப் பூட்டி வச்சதுதான் ஆபத்து. நக்கினதுக்குப் பயமெண்டால் பத்து நாள் கட்டி வச்சுப் பாருங்கோ, பிள்ளைக்கு ஒண்டும் வராது. முதல்ல அவளைக் கூப்பிட்டு, அழாதே எண்டு சொல்லுங்கோ."