வராதவர்களுக்கு ஒரு வரியும் இல்லை

அந்தக் கதைத்தொடரைப் பற்றி என்னிடம் யாரும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசிவிட முடியாது. இரண்டுக்கும் சண்டைக்குப் போவேன். திட்டுவதற்கும் கொண்டாடுவதற்கும் எனக்கு உரிமை உண்டு. அந்தக் கதை என் வீட்டுக்குள் புகுந்து செய்த வேலை அப்படி.

ஏழு பாகங்கள். ஒவ்வொன்றும் தலையணைத் தடிப்பு. தமிழாக்கம் வந்த புதிதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப்பேர் அதைத்தான் கைமாற்றி வாசித்தார்கள். நிழற்படை ஒன்று வடக்கே ஒரு நகரத்து மக்களை ஒரே நாளில் விரட்டிவிடுகிறது. அவர்கள் தெற்கே வந்து, உப்புக் கரையில் கூடாரம் அடித்து, ஆறு பாகங்கள் வரை அல்லல்படுகிறார்கள். ஏழாம் பாகத்தில் ஊர் திரும்புகிறார்கள். நடுவில் பேசும் நரி, பறக்கும் படகு, மந்திர விளக்கு எல்லாம் உண்டு.

மற்றப் பிள்ளைகளுக்கு அது மந்திரக் கதை. எனக்கு அப்படி இல்லை. என் உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில், போருக்கு நடுவே, வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கடல்வழியால் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். நான் பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையோரம், தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலில் பிறந்தவள். எங்கள் குடியிருப்புக்கும் விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமா ஒருவர், "சூனியக் கதையெல்லாம் வாசிக்கிறா உங்கட மகள்" என்று வாப்பாவிடம் முறைப்பாடு வைத்தார். "சூனியம் இல்ல, அது எங்கட கதை" என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். வாய் நீளம் என்ற பெயர் அன்று வந்தது, இன்னும் போகவில்லை.

முதல் பாகம் மட்டும் எனக்குச் சொந்தம். அதன் முன்பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. அந்த நகரத்தின் மேலேயே எங்கள் ஊரையும் பென்சிலால் வரைந்தேன். நான் ஊரைக் கண்டதில்லை, வாப்பா சொல்லித்தான் தெரியும். அவர் எதையும் கிப்லாவை, தொழும்போது முகம் பார்க்கும் திசையை, வைத்தே சொல்வார். கிப்லாப் பக்கம் கடல், முதுகுப் பக்கம் குளம், வலக்கைப் பக்கம் பள்ளிவாசல். ஆகவே கிப்லாவைத் தாளின் மேல் பக்கமாக வைத்தேன். கடல் மேலே வந்தது. புத்தகத்திலும் கடல் மேலேதான் இருந்தது. அந்த நகரம் எங்கள் ஊரேதான் என்று சத்தியம் பண்ண நான் தயாராக இருந்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுக்கும்போது, வாசித்ததை வாப்பாவுக்குச் சொல்வேன். ஏழாம் பாகத்தின் முடிவில் எல்லோரும் கப்பல் ஏறுகிறார்கள், சிலர் மட்டும் ஏறவில்லை.

"ஏறாத ஆக்கள் என்ன ஆனாங்க மகள்?" என்று வாப்பா கேட்டார்.

"அவங்க ஊர மறந்துட்டாங்க வாப்பா. நாசமாப் போயிட்டாங்க."

வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் பொல்லாதது என்றார்.

போர் முடிந்து பாதை திறந்ததும் வாடகைக்கு ஒரு வான் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்கப் போனோம். நான் முதல் பாகத்தைக் கையோடு கொண்டுபோனேன். ஊர் இருக்கவில்லை, காடு இருந்தது. கடலையாவது பார்ப்போம் என்று, வரைபடத்தின் மேல் பக்கம் வடக்குத்தானே என நினைத்து வடக்கே நடந்தேன். முள் வந்தது, இன்னும் முள் வந்தது, கடல் வரவில்லை. வாப்பா பின்னால் ஓடிவந்தார்.

"எங்க போற மகள்? கடல் கிப்லாப் பக்கமெல்லோ?"

கிப்லா எங்களுக்கு மேற்கு என்பது தினமும் தொழுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் புத்தகத்தை நம்பி நடந்திருக்கிறேன். வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. கதையில் நகரத்துக் கதவு தானாகத் திறக்கும், விளக்குகள் தானாக எரியும். இங்கே எங்கள் வீட்டு அத்திவாரத்தைக் கண்டுபிடிக்கவே கத்தியால் முட்பற்றை வெட்ட வேண்டியிருந்தது. அந்த எழுத்தாளர் ஆயுளில் ஒரு முள்ளையும் வெட்டியிருக்க மாட்டார். உம்மா வான் வண்டியின் நிழலில் இருந்தபடி, "இன்னொருக்கா முதல்லருந்து தொடங்க எனக்கு ஏலாது" என்றார். வீட்டுக்கு வந்து புத்தகத்தை அலுமாரியின் அடியில் போட்டேன். யாராவது அதைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவேன்.

சில வருடங்களில் நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானேன். அப்போதுதான் வாப்பா முடிவெடுத்தார். காணியில் ஆள் இருந்தால்தான் காணி, எல்லோரும் ஊருக்கே திரும்பிப் போகிறோம் என்றார்.

"நான் வரல்ல வாப்பா. உம்மாவையும் இழுக்காதீங்க."

"நீதானே சொன்ன? ஏறாத ஆக்கள் ஊர மறந்துட்டாங்க, நாசமாப் போயிட்டாங்கண்டு. புத்தகத்தில கிடக்குண்டு நீதானே சொன்ன?"

என்னுடைய வாயாலேயே எனக்கு அடி விழுந்தது.

மறுநாள் பள்ளிக்கூட நூலகத்தில் ஏழாம் பாகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயங்களை வரி வரியாகப் படித்தேன். அப்படி ஒரு வசனமே இல்லை. கப்பல் ஏறாதவர்களைக் கரையில் நிறுத்திவிட்டு, அவர்களுக்கு ஒரு வரியும் எழுதாமல் எழுத்தாளர் கப்பலோடு போய்விட்டார். மறந்தார்கள், நாசமானார்கள் என்று தீர்ப்புச் சொன்னது பதினாலு வயது நான். எழுத்தாளர் மேலிருந்த கோபத்தில் பாதி என் பக்கம் திரும்பியது. மீதிப் பாதியை நான் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல கதைதான், வாசியுங்கள். ஆனால் அது முடிந்துவிட்டது என்று மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அன்று பின்னேரம் வாப்பா முற்றத்தில் தனியாக இருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாப்பா, அது புத்தகத்தில இல்ல. நானாச் சொன்ன பொய்."

"அப்ப புத்தகம் என்ன சொல்லுது?"

"ஒண்டும் சொல்லல்ல."

வாப்பா என் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்ப நீ சொல்லு. அந்த ஆக்கள் என்ன செஞ்சாங்க?" என்றார்.

"கிணறு வெட்டினாங்க வாப்பா. வெங்காயம் நட்டாங்க. புள்ளைகளுக்குப் படிப்பிச்சாங்க. கப்பல்ல போன வாப்பாமார ஒரு நாளும் மறக்கல்ல."

"சரி. நான் போறன். நீயும் உம்மாவும் இருங்க" என்று சொல்லிவிட்டு வாப்பா கண்ணைத் துடைத்தார். வெங்காயக் காலம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. முற்றத்தில் ஒரு வெங்காயத் தாள்கூட இருக்கவில்லை.