இருபதிலிருந்து கத்ரவேன் வரை

போன வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஒரு கையில் வஞ்சிரமும் மறு கையில் பர்ஸுமாக நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

"சார், உங்க வீட்டம்மா ரிப்போர்ட் வந்துடுச்சு. அதுல..."

அவ்வளவுதான். போன் அணைந்துவிட்டது.

அதுல...? அதுல என்ன?

திரை கறுப்பாக இருந்தது. அழைப்பை எடுக்கும்போது இருபத்திரண்டு சதவீதம் காட்டியதை நானே பார்த்தேன். இருபத்திரண்டு சதவீதத்தில் ஒரு வாக்கியத்தைக் கேட்டு முடிக்க முடியாதா? அதுவும் புது பேட்டரி. போட்டுப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு என் போனைத் தெரியும். நாலு வருடப் பழசு. மாதத்துக்கு ஒரு முறையாவது அதைத் திட்டி எழுதாமல் எனக்குப் பொழுது போகாது. ஆனால் இந்த முறை விஷயம் வேறு.

என் மனைவி மலருக்கு மார்பில் ஒரு சின்னக் கட்டி. கோலிக்குண்டு அளவுகூட இல்லை. டாக்டர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், கொஞ்சம் சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வர இரண்டு வாரம் ஆகலாம், வந்ததும் போன் செய்கிறோம் என்றார்கள். கவுன்ட்டரில் நம்பர் கேட்டபோது மலர் தன் நம்பரைச் சொல்லவில்லை. என் பக்கம் கையைக் காட்டினாள்.

வெளியே வந்து ஏன் என்று கேட்டேன்.

"யாரோ தெரியாத பொண்ணு போன்ல சொல்லி நான் கேக்க வேணாங்க. நல்லதோ கெட்டதோ, நீங்க வந்து சொல்லுங்க."

அன்றிலிருந்து இந்த ஓட்டை போன்தான் எங்கள் வீட்டின் மிக முக்கியமான பொருள். அதுவோ மதியம் தாண்டுவதற்குள் படுத்துவிடும். போதாததற்குப் பின்பக்கம் லேசாக உப்பவும் ஆரம்பித்திருந்தது. அன்று சாயங்காலமே கருவடிக்குப்பத்துக்கு வண்டியை விட்டேன்.

அங்கே கடை வைத்திருப்பவர் ரொபேர். பாரிஸ் பக்கத்தில் பதினைந்து வருடம் போன் ரிப்பேர் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே சம்பாதித்த பிரெஞ்சு வார்த்தைகளை இன்னும் இங்கே செலவு செய்துகொண்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் பேட்டரியை மாற்றிவிட்டு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார்.

"முசே, உள்ள இருக்கறது புது பேட்டரின்னு போனுக்கு இன்னும் புரியாது. பழைய கணக்குலயே நம்பர் காட்டும், நம்பாதீங்க. ஒரு தடவ அதுவா ஆஃப் ஆவுற வரைக்கும் உட்டுடுங்க. அப்பறம் நூறு வரைக்கும் ஒரே மூச்சா ஏத்துங்க, நடுவுல எடுக்கக் கூடாது. கணக்கு சரியாயிடும். அதுக்கப்பறம் தெனம் வேன்லேருந்து கத்ரவேன் வரைக்கும் வச்சிருந்தா போதும். ரொம்ப நாள் உழைக்கும்."

தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், வெயிலில் வண்டியின் முன்னால் மாட்டாதீர்கள் என்றும் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, பிரெஞ்சு தெரியும்தானே என்று ஒரு கேள்வி கேட்டார்.

புதுச்சேரிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? எட்டாம் வகுப்பு வரை பிரெஞ்சு படித்தவன் நான். பாஸ் ஆனேனா என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வேன் என்றால் இருபது. கத்ர என்றால் நாலு. சேர்த்தால் இருபத்துநாலு. இதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா? "வுய், வுய்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இருபதிலிருந்து இருபத்துநாலு வரைக்கும். கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் பட்டது. ஆனால் பாரிஸில் பதினைந்து வருடம் பார்த்தவர் சொல்கிறார். நாம் என்ன கண்டோம்?

அவர் சொன்ன முதல் வேலையை நான் செய்யவில்லை. போனை அதுவாக அணையவிடுவதா? அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால்? தினமும் செய்யச் சொன்னதை மட்டும் பக்தியோடு செய்தேன். இருபதுக்கு வந்தால் சொருகு. இருபத்துநாலு ஆனால் பிடுங்கு. காலையிலிருந்து ராத்திரி வரை இதே பிழைப்பு. போகிற இடமெல்லாம் சார்ஜர். பேங்க்கில் வரிசையை விட்டு விலகி பிளக் தேடினேன். முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்து போய்ச் சொருகினேன் – கடைக்காரர் கத்தரிக்கோலோடு காத்திருந்தார்.

பன்னிரண்டு நாள். மலர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அவளிடம் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் வந்துவிடுமோ என்று பயம்.

மறுபடி துறைமுகத்துக்கு வருகிறேன்.

அணைந்த போனை அழுத்துகிறேன், தட்டுகிறேன், உதறுகிறேன். ஒன்றும் இல்லை. பேட்டரி கொஞ்சம் சூடானதுபோல இருந்ததால் அதை ஊதவும் செய்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அஞ்சலை என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தன் போனை நீட்டினார். ஆனால் ஆஸ்பத்திரி நம்பர் என் செத்த போனுக்குள் இருக்கிறது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் மலருடையது. அந்த நம்பருக்கு எப்படி அடிப்பேன்?

அஞ்சலை யோசிக்கவில்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பக்கத்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு பிளக். அதில் ஒரு சார்ஜர். அதன் ஒயர் ஒரு முழம்கூட இருக்காது.

சொருகினோம். காத்திருந்தோம். படகு மோட்டாரும் ஏலக்காரர் குரலும் எங்கோ தூரத்தில் கேட்டன. ஐந்து நிமிஷம் கழித்து போன் கண் திறந்தது. ஒரு சதவீதம். நான் அதை எடுத்துக் காதில் வைக்க முடியாது, எடுத்தால் அணைந்துவிடும். ஆகவே காதைத்தான் போனிடம் கொண்டு போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஈரத் தரையில் முட்டி போட்டு... முதல் முறை லைன் பிஸி. இரண்டாம் முறை பிஸி. மூன்றாம் முறை அதே பெண்.

"கெட்டது ஒண்ணும் இல்ல சார். சாதாரணக் கட்டிதான். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டிடுங்க."

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். இன்னொரு தடவை கேட்டேன். பாவம், அதற்கும் சொன்னார்.

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அறுபதை நெருங்குகிற ஆள், பத்து பேர் டீ குடிக்கிற இடத்தில், வெட்கமில்லாமல் அழுதேன். வெட்கமாகவும் இல்லை. அஞ்சலை "நல்லதாண்ணா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். அதற்குள் அவர் என் கையில் நசுங்கிக்கொண்டிருந்த வஞ்சிரத்தை வாங்கி, ஐஸ் போட்டுப் பையில் கட்டிவிட்டார்.

சாரத்தில் இருக்கும் எங்கள் வீடு வரை வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் முடிப்பது... நாற்பது வருடமாக எழுதுகிறவன் இல்லையா? வீட்டுக்குள் நுழைந்ததும் மலர் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் மறந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல மலர்."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமே இல்ல. சாதாரணக் கட்டி."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பேன்ட் முட்டியில் என்ன ஈரம் என்று கேட்டாள். அவ்வளவுதான், எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது. ரொபேரையும் அவருடைய பேட்டரியையும் பாரிஸ் நகரத்தையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். இருபதிலிருந்து இருபத்துநாலு வரை வைக்கச் சொன்னால் மனுஷன் எப்படிப் பேசுவது, எப்படிப் பிழைப்பது?

மலர் புருவத்தைச் சுருக்கினாள். அவர் எந்த வார்த்தையில் சொன்னார் என்று கேட்டாள்.

"வேன்... கத்ரவேன்."

மலர் கல்யாணத்துக்கு முன்பு கடற்கரைப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள். வெள்ளைக்காரர்களிடம் விலை சொல்லிச் சொல்லியே பிரெஞ்சு எண்கள் அவளுக்கு அத்துப்படி.

"அது எண்பதுங்க," என்றாள்.

பிரெஞ்சுக்காரர்கள் எண்பதை நாலு இருபது என்றுதான் சொல்வார்களாம். நாலு இருபது எண்பது – கணக்கு சரிதான். ஆனால் நம் ஊரில் ஃபோர் ட்வென்ட்டி என்றால் வேறு அர்த்தம், அது யாருக்குப் பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். இரண்டு வாரமாக அந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஓய்ந்த பிறகு கேட்டேன். பன்னிரண்டு நாளாக இருபத்துநாலில் பிடுங்கிக்கொண்டிருந்தேனே, பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

"உங்களுக்கு பயம், கைக்கு ஏதோ வேல வேண்டியிருக்குன்னு நெனச்சேன். அதான் உட்டுட்டேன்."

பிரெஞ்சு தெரியாததை மறைக்க எனக்கு எட்டாம் வகுப்பு உதவியது. பயத்தை மறைக்க சார்ஜர்கூட உதவவில்லை. தெரியாததற்குத் தலையாட்டுகிறவர்கள் என்னைப்போல எத்தனை பேர்? டாக்டரிடம், பேங்க்கில், மெக்கானிக்கிடம்... "புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்பதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரொபேர் சொன்ன முதல் வேலையைச் செய்தேன். போனை மேஜையில் வைத்து ஓடவிட்டோம். முப்பத்தொன்று, இருபத்தாறு, பத்தொன்பது... பதினேழில் படக்கென்று அணைந்தது. சார்ஜரை எடுத்தேன். ஒரே மூச்சில் நூறு வரை ஏற்ற வேண்டுமே.

மலர் என் கையிலிருந்து சார்ஜரை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் அப்படியே கெடக்கட்டுங்க. இனிமே யாரு கூப்புடப் போறா?"