மூன்றாவது கேள்விக்குப் பதில்

மெட்ராஸில் இருந்த அந்தப் பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் மட்டும் அனுப்பினால் போதாது. மூன்று கேள்விகளுக்கு இங்கிலீஷில், சொந்தக் கையெழுத்தில், தனித்தனித் தாளில் பதில் எழுதி இணைக்க வேண்டும். ஏன் மேலே படிக்க விரும்புகிறாய்? பள்ளியில் உனக்குப் பிடித்த பாடம் எது? இங்கே இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்? முதல் இரண்டையும் எந்தப் பெண்ணும் எழுதிவிடுவாள். மூன்றாவது கேள்வியை எந்தப் புண்ணியவதி யோசித்தாளோ, எங்கள் வீட்டு நிலவரம் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எங்கள் வீட்டில் அதற்கான பதில் நான் பிறந்த அன்றே முடிவாகியிருந்தது. அம்மாவின் தம்பிக்குத்தான் நான். மாமா விழுப்புரம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சீட்டு வந்தா போய்ப் படிக்கட்டும். வரலன்னா ஆவணியில முகூர்த்தம். அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

சீட்டு வராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இங்கிலீஷ் எழுத வரும். தப்பில்லாமல் எழுத வராது. பள்ளிக்கூட டீச்சர் கோடை விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போய்விட்டார். எங்கள் சொந்தபந்தத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒரே ஒருவர், அது மாமா. "அவங்கிட்ட குடு, பாத்து சரி பண்ணித் தருவான்" என்றாள் அம்மா. அவரைக் கட்டிக்கொள்ளாமல் தப்பிக்க நான் எழுதுவதை அவரே திருத்தித் தர வேண்டும். இதில் இருந்த அநியாயம் அம்மாவுக்கு உறைக்கவே இல்லை.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். முதல் இரண்டு தாள்களை மட்டும் மாமாவுக்கு அனுப்புவது. மூன்றாவதைத் தப்போ ரைட்டோ, அப்படியே கல்லூரிக்குப் போட்டுவிடுவது. அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இடம் கிடைக்காவிட்டால் எனக்கும் என் தாய்மாமனுக்கும் கல்யாணம் நடக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. இதை வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது. என் மாமா நல்லவர்.

கடைசி வரி முதலில் இல்லை. மற்றதை எழுதி முடித்ததும், முதுகுக்குப் பின்னால் அவரைப் பற்றிக் கோள் சொன்னது போல மனசு அடித்துக்கொண்டது. அதனால் சேர்த்தேன். பிறகு தாளை மடித்து, டிரங்குப் பெட்டிக்குள் பாவாடைகளுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் மண்டிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். தெரிந்த பஸ் கண்டக்டரிடம் வறுத்த மல்லாட்டையோடு என் தாள்களையும் ஒரு பையில் போட்டு விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டாளாம்.

"கேள்வி மூணுன்ன. வெளிய ரெண்டு தாள்தான் வச்சிருந்த. நான்தான் பெட்டியத் தேடி இன்னொண்ணையும் எடுத்து வச்சேன். இதக்கூட மறந்துட்டு நீ இன்னாத்தப் படிக்கப் போற?"

அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. மூன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். நான் அம்மிக்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் வந்த மயக்கம் என்று நினைத்து மோர் கொடுத்தாள். அதையும் பயந்துகொண்டேதான் குடித்தேன்.

மாமா அதைப் படித்தால் என்ன ஆகும்? அப்பாவிடம் காட்டுவார். விண்ணப்பம் அடுப்புக்குப் போகும். ஆவணி வரை காத்திருக்க மாட்டார்கள், வைகாசியிலேயே முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலையே மிதிக்க மாட்டார்; அம்மா என்னைப் பார்த்துப் பார்த்து அழுவாள். எப்படிப் போனாலும் நான் செத்தேன். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டபோதெல்லாம் சமையலறைக்குள் ஓடினேன்.

மாமா வரவில்லை. கண்டக்டர்தான் சேதி கொண்டுவந்தார். "வியாழக்கிழம பொண்ண இட்டுகினு கோர்ட்டாண்ட வரச் சொல்லிச்சு உங்க தம்பி. நேர்ல பேசணுமாம்."

"எம்மாம் அக்கறை பாரு!" என்று அம்மா பூரித்துப்போனாள்.

வியாழக்கிழமை விக்கிரவாண்டி தாண்டும்வரை பஸ் எங்காவது நின்று தொலையாதா என்று வேண்டிக்கொண்டே போனேன். நல்ல நாளிலேயே வழியில் நிற்கிற பஸ், அன்றைக்கென்று ஜல்தியாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. கோர்ட்டுக்கு எதிரே புளியமர நிழலில் உட்கார்ந்தோம். சாப்பாட்டு நேரத்தில் மாமா வந்தார். விரல்களில் கார்பன் மை. கையில் என் தாள்களும், ஒரு முனை நீலமும் மறுமுனை சிவப்புமான ஆபீஸ் பென்சிலும். அம்மாவிடம்தான் பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

அம்மா கேப்பை அடையை எடுத்து வைத்தாள். "அப்புறம் சாப்பிடறேன்க்கா" என்று தாள்களைப் பிரித்தார்.

முதல் பதிலைக் கோர்ட்டு மனுவாகவே மாற்றி வைத்திருந்தார். பணிவுடன் சமர்ப்பிப்பது, கருணை கூர்ந்து, என்றென்றும் கடமைப்பட்டவளாவேன். நான் படிக்கப் போகிறேனா, ஜாமீன் கேட்கிறேனா என்று வேறொரு நாளாக இருந்தால் கேட்டிருப்பேன். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டாவதிலும் அதே பணிவு, அதே கருணை.

மூன்றாவது தாளை எடுத்தார். வாய்விட்டு இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் அம்மா, தம்பி இங்கிலீஷ் படிக்கும் அழகை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மேரேஜ் என்ற சொல் அவளுக்குத் தெரியும். எங்கள் தெருவில் அது தெரியாதவர்கள் கிடையாது. அந்த இடம் நெருங்கிக்கொண்டே வந்தது.

அந்தச் சொல்லுக்கு முன்னால் மாமா இருமினார். தொண்டையைச் செருமிக்கொண்டு அதற்கடுத்த வார்த்தையிலிருந்து தொடர்ந்தார். அம்மா சிரித்த முகம் மாறாமல் இருந்தாள்.

பயமாக இருக்கிறது என்ற வரியை இரண்டு தடவை படித்தார். அதில் பென்சில் வைக்கவில்லை. மனுவுக்கான வார்த்தைகள் எதையும் அந்தத் தாளில் அவர் சேர்த்திருக்கவில்லை. கடைசி வரிக்கு வந்து நிறுத்தினார். பென்சிலைச் சிவப்பு முனைக்குத் திருப்பி அந்த வரியின் மேல் கோடு போட்டார்.

"இத எடுத்துடு."

"ஏன் மாமா?"

"இது இருந்துச்சுன்னா, அப்ப உனக்கு இன்னா கொறச்சல்னு நெனைப்பாங்க. நல்லபடியா வாழப் போற பொண்ணுதானன்னு தாளை ஓரமா வச்சிருவாங்க. சீட்டு வராது."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா எழுதியிருக்கா?"

"ஒண்ணும் இல்லக்கா. ஒருத்தரப் பத்தி நல்லவருன்னு எழுதியிருக்கு. கேட்ட கேள்விக்கு அது தேவயில்ல."

"நாலு பேர நல்லவிதமா எழுதினா நல்லதுதானேடா?"

"எல்லா எடத்துலயும் இல்லக்கா." தாள்களை ஒன்றாக அடுக்கி என்னிடம் நீட்டினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பிறகு இலையை இழுத்து வைத்துக்கொண்டு கேப்பை அடையைப் பிட்டார். ஒரு துண்டுக்கு மேல் அவரால் சாப்பிட முடியவில்லை. "ஆறிப்போச்சு, அதான்" என்றாள் அம்மா.

திரும்பும் பஸ்ஸில் அம்மா விடவில்லை. "யாரப் பத்திடி எழுதின? டீச்சரா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நல்ல தாளில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். மாமா சேர்த்த பணிவையும் கருணையையும் ஒன்று விடாமல் சேர்த்தேன். மூன்றாவது தாளில் அவர் சொன்னபடி அந்த வரியை விட்டுவிட்டேன். விட்ட இடத்தில் பேனா நின்றதில் மை சொட்டியது. இன்னொரு தாள் எடுக்க வேண்டியிருந்தது. அதுவரை சீட்டு வராமல் போய்விடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். உறையை ஒட்டும்போது, வந்துவிட்டால் மாமா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயமாக இருந்தது.

வந்தது. தபாலை எனக்கு முந்தி வாங்கிப் படித்து, அப்பாவுக்குத் தமிழில் சொன்னவர், அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமாதான்.