மெட்டுகுடாவில் எடுத்த அமெரிக்கப் படம்

என் சித்தி மகன் அமெரிக்காவில் சாப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டே சினிமா டைரக்டர் ஆனவன். அவனுடைய முதல் படத்தில் ஓர் இந்தியன் ஜன்னல் வழியே பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். படம் முழுக்க அதுதான். அதற்கும் ஏதோ விழாவில் கை தட்டினார்களாம்.

இரண்டாவது படத்துக்கு, தமிழ்நாட்டுக்கு வெளியே மெட்டுகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கே கேமராவோடு வந்து இறங்கினான். வந்ததும் பிரிட்ஜையும் மிக்சியையும் வெளியே தூக்கி வைக்கச் சொன்னான். எங்கிருந்தோ ஓர் அம்மிக்கல் வந்தது. எங்கள் வீட்டில் அம்மியே கிடையாது என்றேன். அங்கே பார்க்கிறவர்களுக்கு இதுதான் புரியும் என்றான். இங்கே பக்கத்துப் போலாரத்தில் பிறந்து, இந்தியில் கத்திக்கொண்டு திரிந்தவன், எங்களுக்குத் தமிழ்நாட்டைக் காட்ட வந்துவிட்டான்!

படத்தில் ஒரு தாய், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போனில் பேச வேண்டும். தாயாக நடித்தது என் அம்மா. வசனமெல்லாம் இல்லை, மனதில் வருவதைப் பேசுங்கள் என்றான். என் அண்ணனும் அமெரிக்காவில்தான். வீட்டுப் பக்கம் வந்து பல வருடம் ஆகியிருந்தது. வா என்று கேட்க அம்மாவின் வீம்பு விடவில்லை. படத்தை அண்ணனுக்கும் காட்டப்போகிறான் என்று தெரிந்ததும், ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே பேசிவிட்டாள்.

“இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குடா. பணம் கிணம் நக்கோ. ஒரு தடவ வந்து மூஞ்சிய காட்டிட்டுப் போ.”

டைரக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அடுத்த வருடம் டிவிடி வந்தது. அம்மா வாயசைக்கிறாள், குரல் யாருடையதோ. அம்மாவின் தமிழ் கலப்படமாம், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்கிறாளாம், தமிழ்த்தாய் இப்படிப் பேசமாட்டாளாம். சென்னையில் ஒரு பெண்ணைப் பிடித்து, தான் எழுதியதைப் பேசவைத்திருந்தான்.

“மகனே, இந்த மண்ணின் மணம் என்றும் உன்னோடு இருக்கும். எனக்காக நீ வர வேண்டாம்.”

மண்ணின் மணமாம். எங்கள் தெருவில் அடிப்பது டீசல் நாற்றம். அம்மா ரிமோட்டை வாங்கி அந்த இடத்தை மறுபடி போட்டுப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே நடந்த காட்சியில் படம் பார்த்தானாம்.

“வரமுடியலயேன்னு உறுத்திக்கிட்டே இருந்துச்சும்மா. இப்ப மனசு லேசாயிடுச்சு. இந்த வருஷ டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். குரல் வேற யாரோன்னாலும், சொன்னது நீதானே?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு போன் பக்கம் குனிந்து சொன்னாள்.

“ஆமாடா. நான்தான் சொன்னேன்.”