கஞ்சி போட்ட புழுக்கைப் பைகள்

அந்தத் தெருவில் தையல் மாஸ்டர் என்றால் அவர் ஒருவர்தான். ஆண்களுக்கு மட்டும் தைப்பவர். கடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை. வாய்தான் சரியில்லை. சட்டை இறுக்குகிறது என்று யாராவது திரும்பக் கொண்டுவந்தால், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தையல்ல ஒண்ணும் இல்ல. உங்க உடம்பு மாறிப்போச்சு" என்பார். தொளதொள என்று இருக்கிறது என்றாலும் அதே பதில்தான். காலையில் வாங்கிப் போனவன் சாயங்காலமே வந்து நின்றாலும் அதற்குள் அவன் உடம்பு மாறிப்போயிருக்கும். தப்பு என் மேல் என்று மனுஷன் ஒரு தடவை சொன்னதற்குத் தெருவில் சாட்சி கிடையாது. வீட்டிலும் கிடையாது என்று அவர் மனைவியே சொல்வாள்.

இன்னொரு கிறுக்கும் அவருக்கு உண்டு. கஞ்சி போட்டு, தேய்த்து, விறைப்பாக நிற்காத துணி அவர் கடைப் படியைத் தாண்டாது. கைக்குட்டை ஓரம் அடிக்கக் கொடுத்தாலும் அப்பளம் மாதிரிதான் திரும்பி வரும்.

ஊர்க்கோடியில் மேய்ச்சல் புல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த பெண் அதிகாரியை எல்லோரும் புல் மேடம் என்பார்கள். ஒருநாள் அந்த அம்மாள் ஒரு கித்தான் துணிச் சுருளைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"கிடாக்களுக்குப் பை தைக்கணும் மாஸ்டர்."

"ஆட்டுக்கு எதுக்கு மேடம் பை? கடைக்குப் போயிட்டு வருமா?"

"பின்னாடி கட்டற பை. போடற புழுக்கை எல்லாம் அதுலதான் விழணும். ஒண்ணுகூடக் கீழ சிந்தக்கூடாது."

மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எத்தனை கோட்டு, எத்தனை கால்சட்டை தைத்த கை. கடைசியில் ஆட்டின் பின்பக்கமா? ஆனாலும் தொழில் புத்தி விடுமா? "கிடாவுக்கு மட்டும் ஏன்? பெட்டை ஆடு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டார்.

"பெட்டைக்குக் கட்டினா மூத்திரமும் பைக்குள்ள போயிடும். கிடான்னா அது தனியா கீழ போயிடும்."

மாஸ்டர் தலையைத் தூக்கித் தன் கடைப் பலகையை ஒரு பார்வை பார்த்தார். ஆண்களுக்கு மட்டும். பலகைக்குப் பங்கமில்லை என்று தெரிந்ததும் பாதி மனசு ஒத்துக்கொண்டது. மீதி மனசை அந்த அம்மாள் சொன்ன அடுத்த வார்த்தை கரைத்துவிட்டது.

"புதுசா ஒரு புல், விதையிலேருந்து நானே வளர்த்தது மாஸ்டர். அது ஆட்டு வயித்துல எவ்வளவு செரிக்குதுன்னு பார்க்கணும். நல்லா வரலைன்னா வயலை உழுதுட்டு அங்க விருந்தினர் விடுதி கட்டப்போறாராம் டைரக்டர்."

இதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் குரல் கம்மிவிட்டது. மாஸ்டர் அளவு நாடாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆராய்ச்சி நிலையத்துல தைக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"பெரிய பெரிய ஆளுங்களுக்கா?"

"பெரிய ஆளுங்கதான். இடுப்பு எக்கச்சக்கம். நின்ன இடத்துல நிக்க மாட்டேங்கறாங்க, அளவெடுக்கறதுக்குள்ள உயிர் போகுது."

"என்ன துணி, காட்டுங்களேன்."

"ஆராய்ச்சி சமாச்சாரம். வெளிய காட்டக்கூடாது."

கடைக் கதவைப் பாதி சாத்திவைத்துக்கொண்டு தைத்தார். மனைவியோ அதற்குள் தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். ரெடிமேட் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன், "மச்சான் என் கடையில வந்து உக்காரட்டும், எதுக்கு இந்தப் பிழைப்பு" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்பவர். அவரிடம் அவளே வலியப் போய், "உங்க மச்சானுக்கு இப்ப ஆபீசருங்களுக்குத் தைக்கவே நேரம் போதல" என்று சொல்லிவிட்டு வந்தாள். வரும்போது அவள் நடையே மாறியிருந்தது.

பைகள் தயாராகிவிட்டன. வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, தோளுக்கு ஒரு பட்டை, பின்னால் பை. எல்லாவற்றுக்கும் கெட்டியாகக் கஞ்சி. பூட்டிவிட்டதும் கிடாக்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஒன்று இறுக்குகிறது என்று சொல்லவில்லை, ஒன்று தொளதொள என்று சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறக்காத வாடிக்கையாளர்கள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

சோதனை ஆரம்பித்தது. புல் மேடம் புல்லை அறுத்து, நிறுத்து, ஒவ்வொரு கிடாவுக்கும் தனித்தனித் தடுப்பில் வைப்பார். மறுநாள் பையில் இருக்கும் புழுக்கையை எடுத்து நிறுப்பார். மாஸ்டர் தினம் விடிந்ததும் அங்கே போய் நிற்பார். கேட்டால் பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்பார். உண்மையில் தன் தையலை ஒருவர் உடுத்திக்கொண்டு நடமாடுவதைக் கண்குளிரப் பார்க்கத்தான்.

அப்படிப் போன ஒருநாள், கிடாக்களைப் பார்த்துக்கொள்ளும் கொட்டில்காரர் அவரை ஓரமாக இழுத்துப் போனார்.

"மாஸ்டரே, துணியில என்னத்த போட்டீங்க? ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் நின்னு நக்கித் தள்ளறானுங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். பைகளின் அடியில் ஓட்டை. கஞ்சி ருசி கண்ட கிடாக்கள் துணியையும் சேர்த்தே மென்றிருந்தன.

"தனித்தனித் தடுப்புல இருக்கறவனுங்க எப்படிய்யா ஒருத்தன் பையை ஒருத்தன் தின்னான்?"

கொட்டில்காரர் தலையைச் சொறிந்தார். "மத்தியானம் மேடம் சாப்பிடப் போனதும் கொஞ்சம் காலாற முற்றத்துல விடுவேன். பாவம், எத்தனை நேரம்தான் அடைஞ்சே கிடக்கும். மேடம் விடக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க."

ஆக, இரண்டு பேருக்கும் வாயைத் திறக்க வழியில்லை. கேட்க வேண்டுமா, ஒப்பந்தம் நொடியில் முடிந்தது. மாஸ்டர் தினம் காலையில் மேடம் வருவதற்கு முன்னால் வந்து, கிடா நின்றபடி நிற்கவே ஓட்டையை ஒட்டுப்போட்டுத் தைத்துவிடுவார். முற்றத்திலும் தடுப்பிலும் சிந்திய புழுக்கையைக் கொட்டில்காரர் கூட்டி அள்ளித் தன் ரோஜாச் செடிகளுக்குப் போட்டுவிடுவார். ஒட்டுத் துணிக்கும் மாஸ்டர் கஞ்சி போட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழக்கம், என்ன செய்வது? மத்தியானத்துக்குள் ஒட்டும் போய்விடும். புழுக்கை கொஞ்சம் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும், பொன்னா பொருளா என்று இருவரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள். ரோஜா என்னவோ அந்த வருஷம் அமோகமாகப் பூத்தது.

சோதனை முடிந்து முடிவும் வந்தது. புல் மேடம் தரையில் கால் பாவாமல் நடந்தார். டைரக்டர் விடுதிப் பேச்சை அப்படியே மாற்றிக்கொண்டு, மேலதிகாரிகளைக் கூப்பிட்டுக் கூட்டமே ஏற்பாடு செய்துவிட்டார். மாஸ்டரையும் குடும்பத்தோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மனைவி இருப்பதிலேயே நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, அண்ணனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மேடையிலிருந்த அதிகாரிகளின் இடுப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் அவர் சொன்ன அளவுக்கு இல்லை.

டைரக்டர் எழுந்தார். "இந்தச் சோதனையில நம்ம கிடாக்களுக்குப் புழுக்கைப் பை தைச்சுக் கொடுத்த மாஸ்டருக்கு நன்றி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி தட்டவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து புல் மேடம் பேசினார். பாமரருக்கும் விளங்கும்படி எளிமையாகச் சொன்னார். "தின்ன புல்லை நிறுத்தோம். வெளிய வந்த புழுக்கையை நிறுத்தோம். அதைக் கழிச்சா மிச்சம் ஆட்டு உடம்புல சேர்ந்தது. இந்தப் புல்லுல புழுக்கை அவ்வளவு குறைச்சல். அப்படின்னா அத்தனையும் செரிச்சிருக்கு."

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. செரித்ததா? பாதி ரோஜாச் செடிக்கல்லவா போயிற்று? பின்வரிசையில் கொட்டில்காரரைத் தேடினார். அவர் நாற்காலியில் சறுக்கிச் சறுக்கி முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தார்.

டைரக்டர் மறுபடி ஒலிபெருக்கியைப் பிடித்தார். வரும் மழைக்கு இருக்கிற மேய்ச்சல் நிலத்தை எல்லாம் உழுது, சுற்றுவட்டாரத்து ஆட்டுக்காரர்கள் எல்லோரும் இந்தப் புல்லையே விதைக்க ஏற்பாடு செய்யப்போவதாக அறிவித்தார். மேடையில் புல் மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அப்படிச் சிரித்து மாஸ்டர் பார்த்ததில்லை. தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும், வயலும் இருக்கும். ஆனால் ஆட்டுக்காரர்கள் இருக்கிற புல்லையும் உழுதுவிட்டு, ஆடு இளைத்த பிறகுதான் கண்ணைக் கசக்குவார்கள். மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், அந்த ஆட்டோட உடம்பு..." என்று வழக்கம்போல ஆரம்பித்தார். மனைவி நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தாள். மாஸ்டர் ஆரம்பித்ததை அப்படியே விட்டார்.

"இல்ல. தப்பு என் மேலதான். கஞ்சி போட்டுட்டேன். பையை ஆடு தின்னுடிச்சு, புழுக்கை கீழ கொட்டிடிச்சு. தெரிஞ்சும் சொல்லாம ஒட்டுப்போட்டுக்கிட்டே இருந்தேன்."

கொட்டில்காரர் பெயரை அவர் எடுக்கவே இல்லை. கொட்டில்காரரே தாங்கமாட்டாமல் எழுந்து, "முற்றத்துல விட்டது நான்தாங்க" என்றார். புல் மேடத்தின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. டைரக்டரின் முகம் கன்றிவிட்டது. மேலதிகாரிகளில் ஒருவர் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"மறுபடி செய்யணும் சார்" என்றார் புல் மேடம்.

"விடுதி கட்ட ஆள் வர்ற வரைக்கும் செஞ்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு டைரக்டர் மேடையை விட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மாஸ்டருக்கு. பாதி வழியில் அவள் நின்றாள். "நின்ன இடத்துல நிக்க மாட்டேங்கறாங்க, இல்ல?" என்று கேட்டுவிட்டு, நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என் அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு தெரியல. ஆனா ஒண்ணு. தப்பு என் மேலன்னு உங்க வாயால வந்துச்சே, அதை இந்தக் காதால கேட்டுட்டேன். எனக்கு அது போதும்."

மறு சோதனைக்கு மாஸ்டர் கஞ்சி போடாமல் தைத்தார். பைகள் ஈரத்துணி மாதிரி தொங்கின. அதைப் பார்க்க அவருக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பக்கமே போகவில்லை. கொட்டில்காரரும் தடுப்புக் கதவைத் திறக்கவில்லை. எப்போது முடிந்தது, என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்கவும் மாஸ்டருக்குத் துணிவில்லை. கடை வாசலில் நிழல் தட்டினாலே திடுக்கிடுவார்.

ஒரு மத்தியானம் புல் மேடமே வந்து நின்றார். மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"பழைய புல்லைவிடக் கொஞ்சம் கூட செரிக்குது மாஸ்டர். ரொம்பக் கொஞ்சம்தான்."

"வயல்?"

"பாதியை உழுதுட்டாங்க. பாதியை விட்டு வெச்சிருக்காங்க."

"நான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா முழுசும் உங்களுக்கு நின்னிருக்கும்."

"நின்னிருக்கும்" என்றார் அந்த அம்மாள். "அன்னிக்கு ராத்திரி உங்க மேல வந்த கோவத்துக்கு அளவே இல்ல, அதை ஏன் மறைக்கணும். ஆனா அன்னிக்கு மேடையில கிடைச்சதை நாளைக்கு எந்த ஆட்டுக்காரன் வேணும்னாலும் என்கிட்டேருந்து பிடுங்கியிருப்பான். இந்தக் கொஞ்சத்தை எவனும் பிடுங்க முடியாது மாஸ்டர்."

மாஸ்டர் முக்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். சாப்பாடு கொண்டு வந்திருந்த மனைவிதான், "உக்காருங்க மேடம், முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள்.